பாதியை மூடிப் பார்ப்பவர்

அட்டையைத் திரையின் இடப்பாதிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலப்பாதியை மட்டும் பார்க்கிறார். உதடு எதையோ முணுமுணுக்கிறது. சடக்கென்று அட்டை வலப்பக்கம் தாவுகிறது, இப்போது இடப்பாதி. அடுத்த படம். மறுபடி அட்டை இந்தப் பக்கம், அட்டை அந்தப் பக்கம். ஒரு தலைக்கு இருபதுக்குக் குறையாத படங்கள். ஒவ்வொன்றுக்கும் இதே கூத்து. பின்னால் நாற்காலி ஆளில்லாமல் அரைவட்டம் அடித்துக்கொண்டிருக்கிறது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழங்காலால் இடித்து நகர்த்துவார், அவ்வளவுதான்.

"ம்... எறக்கிடலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மைக்கின் பொத்தானை அழுத்துகிறார். "ஐயா, முடிஞ்சுது. அவசரப்பட்டு எந்திரிச்சு தலைய இடிச்சுக்காதீங்க. நான் வர்றேன்." கடைசிச் சொல் முடியும்போது அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எம்.ஆர்.ஐ. பிரிவில் டெக்னீஷியன். வயது நாற்பத்தேழு. காந்தச் சுரங்கத்துக்குள் ஆளைப் படுக்கவைத்து, அரைமணி நேரம் அசையாமல் இருக்கச் செய்து, தலைக்குள்ளும் முதுகுக்குள்ளும் இருப்பதைப் படமாக எடுத்துத் தருவது வேலை. "ஆடாதீங்க" என்ற சொல்லை நாளுக்கு இருநூறு தடவையாவது மைக்கில் சொல்வார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'ஆடாதீங்கக்கா' என்றே பெயர். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வாசல் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார். அதே அறையின் மூலையில், டாக்டர் சொல்லச் சொல்ல அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் மேசை என்னுடையது. ஒன்றரை வருடமாக அவருடைய முதுகையும் பக்கவாட்டையும் பார்த்து வருகிறேன். நேர்முகம் கிடைப்பது அபூர்வம்.

அடுத்தவரை அசையாதே என்று சொல்லிப் பிழைக்கும் அவரால் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடியாது. இயந்திரம் உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இவர் வெளியே நடப்பார். கண்ணாடிச் சன்னலிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து கதவு, கதவிலிருந்து சன்னல். நடக்கும்போதே காதடைப்பான் டப்பாவை நிரப்புவார், போர்வையை மடிப்பார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். டீ வாங்கி வைத்தால் இரண்டு மடக்கோடு சரி. எங்கே வைத்தோம் என்று மறந்துபோய் மாலைக்குள் மூன்று கோப்பைகள் மூன்று இடத்தில் ஆறிக் கிடக்கும்.

காவலாளிக்கு இது தாங்காது. "மத்தவங்கள ஆடாதீங்கன்னு சொல்றதுக்கு முன்னால நீங்க ஒரு நிமிஷம் நில்லுங்கக்கா. பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்பார்.

"நீங்க ஒக்காந்தே இருக்கீங்க, நான் நடந்தே இருக்கேன். சராசரி போட்டா ரெண்டு பேரும் சரியாத்தான் வேலை செய்யறோம்" என்பார் அக்கா, நிற்காமல்.

உள்ளே போகிறவர்களிடம் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, காந்தம் பிடுங்கிவிடும். அதற்கென்று அவருக்கு ஒரு பல்லவி உண்டு. "ஊக்கு, கிளிப்பு, சாவி, பெல்ட்டு, கடிகாரம், காதுல மூக்குல, பல்செட்டு..." பாடிக்கொண்டே உள்ளங்கையால் ஆளைத் தலையிலிருந்து கால்வரை தடவிவிடுவார். கருவி ஒன்று இருக்கிறது, கிட்டே கொண்டுபோனால் கீச்சிடும். அதையும் காட்டுவார். ஆனால் நம்புவது கையைத்தான். ஒரு பெரியவர், "என் பல்லு அத்தனையும் சொந்தப் பல்லும்மா" என்று ரோஷப்பட்டார். "அப்ப ஒரு தடவ சிரிங்க, நானும் ரசிக்கிறேன்" என்றார் அக்கா. பெரியவர் வாயைத் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பி நின்று, கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார்.

அவருடைய உடையிலும் ஒரு பொட்டு உலோகம் கிடையாது. கொக்கிக்குப் பதில் நாடா, பொத்தானுக்குப் பதில் துணி முடிச்சு, பிளாஸ்டிக் சட்டம் போட்ட கண்ணாடி. வீட்டுச் சாவியைக் காலையில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். மாதத்தில் இரண்டு நாளாவது அதை வாங்க மறந்து வீட்டுக்குப் போய், பூட்டிய கதவின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி ஓடிவருவார். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒருமுறை சாவி வாங்க அவரே வந்தார். "நாள் பூரா நான் பஸ் ஓட்டறேன், ஆனா எங்க வீட்ல வண்டி நிக்காம ஓடறது இவதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஏ.சி. சொட்டும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மழையில் நனைந்து கிடக்கும் பாட்டில் மூடி, எதுவானாலும் போகிற போக்கில் கால் கவிழ்த்துவிடும். ஆஸ்பத்திரி மேலாளர் ஆசையாக வைத்திருந்த அல்லிப் பானையைக்கூட ஒருநாள் கவிழ்த்துவிட்டார். அதற்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தார். "கொசு" என்ற ஒரே சொல்லும் கையெழுத்தும். எங்கள் கதிர்வீச்சு டாக்டர், அதாவது படங்களைப் படித்து அறிக்கை சொல்பவர், இவரைவிடப் பத்து வயது இளையவர். பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார்: "அக்கா, நீங்க பயப்படற அந்தக் கொசு வயல் தண்ணில, குட்டைல வளர்றது. பூந்தொட்டில இல்ல."

"அது கொசுவுக்குத் தெரியுமா சார்?" என்றார் அக்கா.

அட்டையும் கொசுவும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அந்தக் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஒருநாள், படுப்பவர் தலைமேல் கவிழ்க்கும் பிளாஸ்டிக் கூட்டைத் துடைத்தபடி இரண்டு வாக்கியம். பத்து நாள் கழித்துக் கையுறைப் பெட்டியைப் பிரித்தபடி இன்னொன்று. நான் கேட்டதும் இல்லை. ஒட்டவைத்துப் பார்த்தால் கிடைப்பது இது.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் பிரிவில் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் சலவை அண்ணன். 'ஆடாதீங்கக்கா' என்ற பெயரை வைத்தவரே அவர்தான். இவரைவிட மூத்தவர், ஆனாலும் அக்கா என்று கூப்பிடுவார். இவர் அவரை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பது இருவருக்கும் நடுவில் தீராத வழக்கு. நான் சேர்வதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் வேலைக்கு வந்தவர், ஆண்கள் வார்டுக்கான போர்வைகளைக் கொண்டுபோய்ப் பிரசவ வார்டில் அடுக்கினார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார். எல்லோரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். தலை பிளக்கிறது என்றார். பொது மருத்துவரிடம் சீட்டு வாங்கிவந்து, இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் அக்கா அவரைப் படுக்கவைத்துப் படம் எடுத்தார். டாக்டர் கிளம்பிவிட்டிருந்தார். அக்கா தானே பார்த்தார்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் கண்ணாடில பாத்த மாதிரி ஒண்ணா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க. டாக்டர் காலைல பாத்துருவார்."

மூளைப் படம் பார்க்கிறவர்களின் கண் ஒரு வழக்கத்துக்குப் பழகியது. மூளை இரண்டு பாதி. ரத்தக் கசிவோ கட்டியோ அடைப்போ பெரும்பாலும் ஒரு பாதியில்தான் வரும். எனவே இடதையும் வலதையும் ஒப்பிடுவார்கள்; வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே நோய். மடித்த தாளின் இரண்டு பக்கமும் பொருந்தினால் மனம் சமாதானமாகிவிடும். கொசு கடித்து உள்ளே போகும் வைரஸ்களில் ஒன்று இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாதது. மூளையின் ஆழத்தில், இரண்டு புறா முட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல, தலாமஸ் என்ற இரட்டைப் பகுதி உண்டு. அந்த வைரஸ் பெரும்பாலும் அந்த இரண்டையும் ஒரே சமயத்தில் பிடிக்கிறது. படத்தில் அவை சாம்பல் நிறம் மாறி வெளுத்துத் தெரியும். இரண்டு பக்கமும் சரிசமமாகக் கெட்டுப்போனால், ஒப்பிட்டே பழகிய கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

காலையில் டாக்டர் படத்தைத் திறந்தபோது சலவை அண்ணனை வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டார்.

யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடுப்பதுதான் அவர் வேலை, படிப்பது இல்லை. முதல் நாளே தெரிந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட முடியாது. இதையெல்லாம் டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். கையுறைகளை எண்ணிக்கொண்டே அக்கா சொன்ன பதில் இவ்வளவுதான்: "நான் டாக்டர் இல்லதான். ஆனா போய்ப் படுங்கன்னு சொன்னது நான்தானே?" மறுவாரம் எக்ஸ்ரே உறை ஒன்றைக் கத்தரித்து அட்டை செய்துகொண்டார். பாதியை மூடிவிட்டால் ஒப்பிட ஆள் இல்லை. மிச்சப் பாதி தன்னந்தனியாக நின்று தன் நிறத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சென்ற மாதம் மழை விட்ட மூன்றாம் வாரத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். செல்போன் கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்பவள். காய்ச்சல் வந்து மாத்திரையில் குறைந்திருந்தது. அதன்பின் காரணமில்லாமல் சிரிப்பு, திடீரென்று அலறல், துணியைப் பிடித்து இழுப்பது. பெற்ற தாயைப் பார்த்து யார் நீ என்று கேட்டாளாம். ஒரு மாதம் முன்புதான் நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. அது போதுமானதாக இருந்தது. மனநோய் என்று முடிவாகி, நகரின் மறுகோடியில் இருக்கும் மனநல விடுதிக்குக் கடிதம் எழுதியாயிற்று. ஆம்புலன்ஸ் பக்கவாட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. தலையில் ஒன்றுமில்லை என்று ஒரு படம் எடுத்துக் கையில் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

கூட வந்த தாய்மாமன் கடிதத்தை நான்காக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். "சீக்கிரம் எடுத்துக் குடுங்கம்மா. டிரைவர் கிளம்பறேன் கிளம்பறேன்னு நிக்கறான்."

"அவளுக்குப் பைத்தியம் இல்லண்ணே" என்றாள் தாய். அண்ணனிடம் சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினாள். "பைத்தியமா இருந்தா என்னைப் பாத்துத் திட்டுவா இல்லம்மா? இவ என்னையே பாக்கல. எனக்குப் பின்னால எதையோ பாக்கறா."

அக்கா பல்லவியைத் தொடங்கினார். "ஊக்கு, கிளிப்பு, சாவி..." கை தோளிலிருந்து இறங்கி மணிக்கட்டில் நின்றது. பாட்டும் நின்றது. பெண்ணின் விரல்கள் மாவு உருட்டுவதுபோல ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன. கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினால் தலை மட்டும் வரவில்லை, தோளும் சேர்ந்து பலகையாக எழும்பியது.

முதல் படம் கலங்கி வந்தது. வார்டில் போட்டனுப்பிய தூக்க ஊசி பாதி வழியிலேயே தெளிந்துவிட்டது. அவள் உள்ளே புரண்டாள். "ஆடாதம்மா... கண்ணு, ஆடாத... இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று அக்கா மைக்கில் கெஞ்சியதெல்லாம் இயந்திரத்தின் சத்தத்தில் போனது. விதிப்படி படங்கள் டாக்டருக்குப் போயின. அவர் அப்போது தாழ்வாரத்தின் கடைசியில் ஸ்கேன் அறையில் இருந்தார். அன்று கர்ப்பிணிகளின் நாள். வாசலில் முப்பது பேர். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நல்லா ஆடியிருக்கா. பாத்த வரைக்கும் ரெண்டு பக்கமும் சிமெட்ரிக். பெரிசா எதுவுமில்ல. அனுப்பிடலாம் அக்கா."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். அட்டையை எடுத்தார். இடது மூடினார். வலது மூடினார். பிறகு நான் பார்த்திராத ஒன்றைச் செய்தார். முந்தைய நாள் தலைவலிக்கு வந்துபோன ஒருவரின் படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, அதற்கும் பாதியை மூடி, அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் பார்த்தார். அந்த மனிதரின் புறா முட்டை மங்கிய சாம்பல். இவளுடையது, கலங்கலுக்குள்ளேயும், பால் சிந்தினாற்போல.

"அறிக்கை அடிச்சிட்டியா?" என்று கேட்டார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லக்கா. டாக்டர் இன்னும் சொல்லல."

"சொன்னாலும் அடிக்காத. நான் வர்றேன்."

என் கையில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டிய வேறு தாள்கள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் ஓடவில்லை, ஆனால் நான் ஓட வேண்டியிருந்தது. ஸ்கேன் அறையில் ஒரு கர்ப்பிணி வயிற்றில் களிம்போடு படுத்திருந்தார். டாக்டர் திரையைப் பார்த்தபடியே, "என்ன அக்கா?" என்றார்.

"சார், அந்தப் பொண்ணு படத்த இன்னொரு தடவ பாக்கணும்."

"பாத்துட்டேனே."

"போன்ல பாத்தீங்க சார். உள்ளங்கை அளவுல."

டாக்டரின் கை நின்றது. "சிமெட்ரிக்கா இருக்குன்னு சொன்னேன் இல்ல? வெள்ளையா தெரியறது அவ ஆடினதால. வெளியில எத்தனை பேர் நிக்கறாங்க பாத்தீங்களா? படம் எடுக்கறது உங்க வேலை, படிக்கறது என் வேலை."

"படிங்க சார்" என்றார் அக்கா. "அதத்தான் கேக்கறேன்."

படுத்திருந்த கர்ப்பிணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேணும்னா அப்புறமா வரட்டுமா?" என்று கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சலவை அண்ணனின் படத்தைக் காலையில் திறந்தவர் அவர். அது அக்காவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை.

"இந்தக் கலங்கல வெச்சிக்கிட்டு நான் எதையும் சொல்ல முடியாது" என்றார் கடைசியில். "ஆடாத ஒரு படம் குடுங்க. நானே வந்து ஒக்காந்து பாக்கறேன். இல்லன்னா அனுப்பிடுங்க."

ஆடாத படத்துக்கு மயக்க டாக்டர் வேண்டும். அந்த அம்மாள் இரண்டு அறுவைகளுக்கு நடுவில் இருந்தார். "பதினஞ்சு நிமிஷம் தர்றேன், பதினாறாவது நிமிஷம் நான் இருக்கமாட்டேன்" என்று சொல்லி வந்தார். இதற்குள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்திருந்தார். மாமன் கதவை மறித்து நின்றார்.

"மறுபடியும் ஊசியா? ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாராமே. அப்புறம் நீங்க யாரு?"

"நான் யாருமில்லீங்க. படம் சரியா வரல, என் தப்பு. சரியா எடுத்துக் குடுத்துடறேன்."

"எங்களுக்கு வேணாம். இந்தப் படமே போதும்."

அக்கா அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார். சம்மதத் தாளையும் பேனாவையும் தாயின் முன்னால் நீட்டினார். "மயக்கம் குடுத்து எடுக்கணும்மா. அதுலயும் கொஞ்சம் ஆபத்து இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். வேண்டாம்னா இப்படியே கூட்டிட்டுப் போகலாம்."

தாய் அண்ணனைப் பார்த்தாள். தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டாள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவர் எத்தனை முறை சன்னலுக்கும் கதவுக்கும் போய்வந்தார் என்று தெரியவில்லை. பெண் உள்ளே ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தாள். நெற்றியில் குறுக்கே பட்டை. அதை இழுத்து இறுக்கியது அக்காதான். அசைய வழியே இல்லை. இருந்தும் மைக்கைப் பிடித்து, "ஆடாத கண்ணு, ஆடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மயக்க டாக்டர் ஒருமுறை, "அவளுக்குக் கேக்காதுங்க" என்றார். "பரவால்ல மேடம்" என்றார் அக்கா. மாமன் வெளியே ஓட்டுநரிடம் இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் நொடிகள் பின்னோக்கி ஓடின. பூஜ்யம். ஒரு கணம் இருட்டு. பிறகு இருபத்துநான்கு படங்கள் மொத்தமாக வந்து விழுந்தன.

கீழிருந்து மேலாக உருட்டினார். கழுத்துத்தண்டு, சிறுமூளை, அதன்மேல் நடுமூளை. அங்கே கறுப்புப் பட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் லேசான வெளுப்பு. இன்னும் இரண்டு படம் மேலே. புறா முட்டைகள் இரண்டும், கூர்மையான விளிம்போடு, வெள்ளை வெளேரென்று. இதற்கு அட்டை தேவைப்படவில்லை. மேசை மூலையில் இருந்த எனக்கே தெரிந்தது.

டாக்டர் களிம்பு காயாத கையுறையோடு வந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். மூளையின் காதோரப் பகுதிகளைத் தனியாகப் பார்த்தார். வேறொரு வைரஸ் அங்கேதான் உட்காரும், அது இல்லை. அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று ரத்தநாளங்களைப் பார்த்தார், இல்லை. கையுறையைக் கழற்றினார்.

"தட்டுங்க" என்றார் என்னிடம். அறிக்கையின் மொழி வேறு. அதில் எல்லாம் தூரத்தில் நடப்பதுபோல இருக்கும். இரு தலாமஸ்களிலும் சமச்சீரான மாற்றம். நடுமூளையிலும் உண்டு. கொசுவழி வைரஸ் மூளையழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகுத்தண்டு நீரும் ரத்தமும் உடனே பரிசோதிக்கப்பட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப் பரிந்துரை. அடித்து முடிக்குமுன் அவரே போனை எடுத்து அந்தப் பிரிவைக் கூப்பிட்டுப் படுக்கை கேட்டார். மாமனிடமிருந்து கடிதத்தை வாங்கினார். திருப்பித் தரவில்லை.

"மருந்து இருக்கா சார்?" என்று கேட்டார் அக்கா. கேட்கும்போது போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குன்னு தனியா இல்ல அக்கா. உங்களுக்குத் தெரியுமே. வலிப்பு வராம பாத்துக்கலாம், மூளை வீக்கத்தக் கொறைக்கலாம், மூச்சு நின்னா மெஷின் போடலாம். மிச்சம் அவ ஒடம்பு."

"அங்க அனுப்பியிருந்தா?"

டாக்டர் திரையை அணைத்தார். "கத்தறான்னு தூக்க மருந்து போட்டுட்டே இருந்திருப்பாங்க. மூச்சு அடங்கினா நல்லாத் தூங்கறான்னு நெனச்சிருப்பாங்க." எழுந்து இரண்டடி நடந்தவர் திரும்பினார். "நான் போன்ல பாத்திருக்கக் கூடாது."

"முப்பது பேரு நிக்கறாங்க சார். போங்க" என்றார் அக்கா.

ஆம்புலன்ஸ் காலியாகக் கிளம்பிப் போனது. தள்ளுவண்டியில் பெண்ணை மாற்றினார்கள். மயக்கம் தெளியத் தொடங்கி, மூடிய இமைகளுக்குள் கண்கள் அலைந்துகொண்டிருந்தன. மாமன் சுவரில் சாய்ந்து, வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாய் வண்டியின் கம்பியைப் பிடித்தபடி, "பொழச்சிடுவாளாம்மா?" என்றாள். டாக்டரிடம் கேட்கவில்லை, அவர் போய்விட்டார். அக்காவிடம் கேட்டாள்.

அக்கா வண்டியின்மேல் குனிந்தார். பெண்ணின் நெற்றியில் பட்டை அழுத்திய இடத்தில் காதுக்குக் காது ஒரு சிவப்புக் கோடு பதிந்திருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். வண்டி நகர்ந்தது, கூடவே நடந்தார். கர்ப்பிணிகளின் வரிசை சுவரோடு ஒதுங்கி வழிவிட்டது. "அக்கா, அடுத்தவர் துணி மாத்திட்டுக் காத்திருக்கார்" என்று காவலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார். லிஃப்ட் திறந்தது. வண்டியோடு அவரும் ஏறினார். கதவு மூடும்போதும் கட்டைவிரல் அந்தக் கோட்டின்மேல் போய்வந்துகொண்டிருந்தது.